சுண்டுவிரல் பார்த்த பிரேக்

வேன் வந்து நின்ற தோரணையைப் பார்த்ததுமே பெடலக்காவுக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை என்று. வழக்கமாகப் பட்டறை வாசலில் நேராக வந்து நிற்கிற வண்டி. அன்றைக்கு மூக்கை இடது பக்கம் திருப்பிக்கொண்டு, மனஸ்தாபமான சம்பந்தி மாதிரி நின்றது.

"அண்ணன் இல்லையாக்கா?" என்று இறங்கும்போதே கேட்டார் வேன்காரர். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற வண்டி அது.

"ஒரு டிஸ்க்க கடைசல் பிடிக்க லேத் பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிருக்கார். என்ன தம்பி, வண்டி ஒரு பக்கமா முறைக்குது?"

"அதத்தான் சொல்ல வந்தேன். பிரேக் மிதிச்சா இடது பக்கம் இழுக்குது. டப்பாவுல ஆயிலும் குறையுது. நேத்து சாயந்திரம் ஊத்தினேன், காலைல பார்த்தா மறுபடி இறங்கியிருக்கு. மூணு மணிக்கு இருபத்திரெண்டு பிள்ளைங்கள ஏத்தணும்கா."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தாக ஐந்து நிமிஷம். வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்றால் வலது சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த வலது சக்கரத்தின் பிரேக்கைப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் பிரித்து, கழுவி, புது ரப்பர் போட்டு மாட்டியவர் அவளுடைய வீட்டுக்காரர். அவர் மாட்டின பிரேக் திரும்பி வந்ததாக இருபத்தெட்டு வருஷத்தில் சரித்திரம் இல்லை. அதனால் அவள் பெரிதாகக் கவலைப்படவில்லை. எங்காவது குழாய் உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஜாக்கியை இழுத்துவந்தாள்.

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஆஸ்பத்திரிச் சீட்டிலும் வங்கிப் புத்தகத்திலும் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவள் பெடலக்காதான். பிரேக் வேலை முடிந்ததும் குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே சக்கரத்தடியில் குந்தி ஒரு சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். ஒற்றை ஆளால் சுலபத்தில் ஆகிற காரியமில்லை. கல்யாணமான இரண்டாவது வாரம், பட்டறை ஆள் சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்ட ஒரு நாள், அவர் பின்பக்க அறைக்குள் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் வந்து கால வைக்கிறியா?" என்றார். வைத்த காலை அவள் இன்றுவரை எடுக்கவில்லை. லீவு போட்ட ஆள் திரும்பி வந்து பார்த்துவிட்டு வேறு வேலை தேடிக்கொண்டான்.

அமுக்கு, பிடி, விடு. அந்த வேலைக்கு இந்த மூன்று வார்த்தை போதும். கீழேயிருந்து அவர் சொல்வார், மேலேயிருந்து அவள் செய்வாள். ஒரு தடவை அவருடைய அக்காவைப் பற்றி அவள் வாய் சும்மா இருக்காமல் எதையோ சொல்லப்போய், ஒன்பது நாள் பேச்சுவார்த்தை கிடையாது. வண்டிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. ஒன்பது நாளும் அந்த மூன்று வார்த்தையிலேயே குடித்தனம் நடந்தது. பத்தாம் நாள் அவர் "பிடி" என்றபோது குரல் கொஞ்சம் இறங்கி வந்திருந்தது. அவர் திருகைத் திறக்கிற நேரம் பார்த்து அவள் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். ஆயில் பீய்ச்சி அவர் சட்டை முழுக்க அடித்தது. "கொழுப்பு!" என்றார் அவர். பத்து நாளில் அவர் பேசிய நாலாவது வார்த்தை. அன்றைக்கு இருவரும் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

அப்போது பட்டறை ஒரு தகரக் கொட்டகைதான். பின்னால் ஒரே அறை. கட்டில், அடுப்பு, துணிக்கொடி எல்லாம் அதற்குள்ளேயே. மகள் வளர்ந்தது வாடிக்கையாளர்களின் கார்ப் பின்சீட்டில். எந்தக் காரின் சீட்டு மெத்தென்று இருக்கும் என்று மூன்று வயதிலேயே அவளுக்கு அத்துப்படி. நல்ல சீட்டுள்ள கார் வேலை முடிந்து போகும்போது அழுது ஊரைக் கூட்டுவாள். இப்போது வேறு ஊரில் உத்தியோகம். மெத்தை வைத்த சோபாவே வாங்கிவிட்டாள்.

தொழில் தெரியாத அந்த முதல் மாதத்தில் பெடலக்கா ஒரு காரியம் செய்தாள். புருஷனுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, தட்டில் கிடந்த ரப்பர் வளையங்களையெல்லாம் மண்ணெண்ணெயில் போட்டுப் பளபளவென்று கழுவி வைத்தாள். பிரேக் ரப்பருக்கு மண்ணெண்ணெய் ஆகவே ஆகாது. அவர் வந்து பார்த்தபோது வளையங்கள் ஊறிப் பருத்துக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமா இதுவரைக்கும் யாரும் கெடுத்ததில்ல" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இந்த மனுஷரோடு காலம் தள்ளிவிடலாம் என்று அவள் முடிவு செய்தது அந்த நிமிஷத்தில்தான். கல்யாணம் நடந்தது அதற்கு முந்தியே என்றாலும்.

அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: சுண்டுவிரல். காலிப்பர் என்கிற உறுப்புதான் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது. அதன் வயிற்றுக்குள் கிண்ணம் மாதிரி ஒரு பிஸ்டன். பிஸ்டனைச் சுற்றி ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம். ஆயிலை வெளியே விடாமல் காப்பதும், மிதித்து விட்டபின் பிஸ்டனை மயிரிழை பின்னுக்கு இழுப்பதும் அந்த வளையத்தின் வேலை. அது பள்ளத்தில் ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டாலும் போச்சு. மற்றவர்கள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வலது சுண்டுவிரலை உள்ளே விட்டு, அவசரமே இல்லாமல் ஒரு சுற்று சுற்றி வருவார். பிறகு "ம்" என்பார். அந்த "ம்" வந்துவிட்டால் பிஸ்டனைப் போடலாம். டார்ச் அடிக்கிறவர்களை அவர் மெக்கானிக்காகவே மதிப்பதில்லை.

அந்த விரலுக்குப் பெயர் சும்மா வரவில்லை. வாசலில் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய பட்டறை ஒன்று மூன்று தடவை பிரித்துப் பூட்டியும் ஆயில் கசிவு நிற்காத டாக்ஸி ஒன்று ஒரு நாள் இங்கே வந்தது. அவர் விரலை விட்டார், பாதிச் சுற்றில் நின்றார். "இங்க ஒரு கீறல்." கண்ணுக்குத் தெரியாத கீறல். கரியைத் தடவித் துடைத்த பிறகுதான் கோடு தெரிந்தது. டாக்ஸிக்காரர் அதை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார். அன்றைக்கு முதுகில் ஏறிய பெருமையைப் பெடலக்காவின் வீட்டுக்காரர் இன்றுவரை கீழே இறக்கி வைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவளும் இறக்கவிட்டதில்லை.

பெடலக்கா வேனின் வலது சக்கரத்தைக் கழற்றினாள். காலிப்பரின் அடியில் ஈரம் மின்னியது. குழாயில் கசிவில்லை. இரண்டு போல்ட்டையும் எடுத்து, குழாயைக் கழற்றி வாயை அடைத்து, காலிப்பரை மேஜைக்குக் கொண்டுவந்தாள். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பட்டைகளில் உள்பக்கப் பேடு ஆயிலில் ஊறிப்போயிருந்தது. ஆயில் பட்ட பேடு எப்படிப் பிடிக்கும்? வழுக்கத்தான் செய்யும். தூசி மறைக்கும் ரப்பரை உரித்ததும் உள்ளே தேங்கியிருந்த ஆயில் சொட்டியது.

பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரத்துண்டை வைத்து, துணியால் மூடி, ஆயில் வருகிற ஓட்டையில் காற்றுக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்தாள். பொறுமை இல்லாதவர்கள் விரலை நசுக்கிக்கொள்கிற இடம் இது. 'டப்' என்று பிஸ்டன் மரத்தில் வந்து இடித்தது. அதை எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினாள். துரு இல்லை, குழி இல்லை, கீறல் இல்லை. பிறகு கீழ் டிராயரில் பழைய துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த டார்ச்சை எடுத்தாள். ஆமாம், அவளிடம் டார்ச் இருந்தது. அவர் இல்லாத நேரத்தில் மட்டும் வெளியே வரும்.

பள்ளத்தின் மேல் பக்கத்தில், ஒரு அங்குல நீளத்துக்கு, வளையம் புரண்டு முறுக்கிக் கிடந்தது.

தப்பாக இருக்கும் என்று டார்ச்சை வேறு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். தப்பு இல்லை. பிளாஸ்டிக் பின்னல் ஊசியால் வளையத்தை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். வெளியே வந்த பிறகும் அந்த இடம் மடிந்தே நின்றது. பன்னிரண்டு நாளாக அப்படியே கிடந்து பழகியிருக்கிறது. சின்னக் குழந்தையின் விரல்கூடத் தட்டுப்படாமல் தாண்டிப் போக முடியாத மடிப்பு.

அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. போன மாதம் டீக்கடையிலிருந்து வந்த கிளாஸை அவளால் முந்தானையில்லாமல் தொட முடியவில்லை. அவர் வெறும் வலது கையில் பிடித்துக்கொண்டு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். "கையா அது, இடுக்கியா?" என்று கேலி செய்தாள். அவரும் சிரித்தார். சட்டைப் பொத்தான் போட அவருக்கு நேரம் பிடிப்பதைப் பார்த்து, வயசாகுது என்று விட்டுவிட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே, இந்த வேனுக்குக் காற்று எடுத்த அன்றைக்கு அவளுடைய காலே சொன்னது. பெடல் அரை விரல் கூடுதலாக இறங்கியது. "கொஞ்சம் இறங்குற மாதிரி இருக்கே?" என்று கேட்டாள். "நான்தான் பார்த்து 'ம்' சொன்னேன்ல" என்றார். இருபத்தெட்டு வருஷமாகப் பெடலை மிதித்த கால் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய விரலை நம்பித் தன் காலைப் பொய்யாக்கிவிட்டாள். இருபத்திரெண்டு பிள்ளைகள் பன்னிரண்டு நாள் இந்த வண்டியில் போய் வந்திருக்கிறார்கள்.

"என்னக்கா ஆச்சு?" வேன்காரர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ரப்பர் சரியில்ல தம்பி." வாய் தானாகச் சொல்லிவிட்டது. "பாக்கெட்லயே கோளாறா வந்திருக்கும். வேற போட்டுடறேன்."

"அதானே பார்த்தேன்! அண்ணன் கைபட்டு ஒரு வேல கெடுமா? அவர் சுண்டுவிரல் பட்ட வண்டிய கண்ண மூடிட்டு ஓட்டலாம்னு ஸ்டாண்டுல சொல்லுவாங்க. ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அவர் விசிலடித்துக்கொண்டு போனார். அவளுக்குச் சுருக்கென்றது. மேஜையோரத்தில் உட்கார்ந்து யோசித்தாள். புது வளையத்தைப் போட்டுப் பூட்டிவிடலாம். யாருக்கும் தெரியாது. இனிமேல் அவர் பார்த்த ஒவ்வொன்றையும் அவர் சாப்பிடப் போகிற நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டால் போதும். அவர் "ம்" சொல்லிக்கொண்டே இருக்கட்டும். அந்த ஒரு "ம்"தானே அந்த மனுஷருடைய ஆஸ்தி. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவரிடம் என்ன மிஞ்சும்?

ஆனால் ஏற்கெனவே வெளியே போன வண்டிகளை என்ன செய்வது? எத்தனை மாதமாக இப்படி என்றே தெரியாது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் எழுந்தாள். காலிப்பரின் உடம்பைப் புது ஸ்பிரிட்டில் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, புது வளையத்தை ஆயிலில் நனைத்துப் பள்ளத்தில் உட்காரவைத்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள், தன் விரலையும் விட்டுப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து அதே மாதிரி ஒரு கழிவுக் காலிப்பரை எடுத்து, அதற்குள் அந்தப் பழைய வளையத்தை மடிப்போடு அப்படியே வைத்தாள். இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பதினொரு மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். சாக்கில் சுற்றிய டிஸ்க்கை இறக்கிவைத்துவிட்டு வேனைப் பார்த்தார்.

"இவன் எதுக்கு வந்தான்?"

"கொஞ்சம் கசிவு. பிரிச்சிட்டேன். பூட்டறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் ஒரு தடவ பாருங்க."

இரண்டு ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடியதும் அவருடைய முகம் இளமையாகிவிடும், அது அவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. முதல் காலிப்பருக்குள் விரல் போய் ஒரு சுற்று வந்தது. "ம்."

இரண்டாவதை எடுத்தார். விரல் கீழேயிருந்து கிளம்பி, பக்கவாட்டில் ஏறி, மேலே வந்தது. மடிப்பின்மேல் ஏறியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நில்லுங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள். விரல் நிற்கவில்லை. மடிப்பைத் தாண்டி, மறுபக்கம் இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"ம்" என்றார் அவர்.

கண்ணைத் திறந்தவர் முதலில் பார்த்தது காலிப்பரை அல்ல, அவள் முகத்தை. பிறகுதான் குனிந்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்னைச் சோதிச்சுப் பார்க்கறியா?" குரல் ஏறியது. மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள்தான் அவர்.

"ஆமாங்க" என்றாள் அவள்.

கோபம் அப்படியே நின்றது, மேலே போக அதற்கு வழியில்லை. அவர் இடது கையின் சுண்டுவிரலை உள்ளே விட்டார், இந்தத் தடவை கண்ணை மூடாமல். மேலே வந்ததும் விரல் டக்கென்று நின்றது. எடுத்துவிட்டு வலது விரலை வைத்தார். அழுத்தித் தேய்த்தார். மறுபடி இடது. மறுபடி வலது.

"இந்தக் கைக்குத் தெரியுது" என்றார், யாரிடமோ சொல்வது போல. "இதுக்குத் தெரியல."

"எப்போலேர்ந்து?"

"மரத்துப் போற மாதிரி இருக்கும், அப்புறம் சரியாயிடும். மூணு மாசம் இருக்கும். மத்த விரல்தான் அப்படி, சுண்டுவிரல் நல்லா இருக்குன்னு நெனச்சேன்." மென்று விழுங்கினார். "இருக்கணும்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

அவள் அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தக் கைக்கு அது தெரிந்ததோ இல்லையோ, அவருக்குத் தெரிந்தது. கண் கலங்கியதை மறைக்க அவர் வேனைப் பார்த்தார். உடனே வேறொன்று அவருக்கு உறைத்தது.

"இதுல இருந்தது யாரோட ரப்பர்?"

"வேனோடது."

முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து நின்றார், உட்கார்ந்தார். "மூணு மாசத்துல எத்தன காலிப்பர் பிரிச்சேன்?"

பெடலக்காவுக்கு முகங்கள் ஞாபகம் நிற்காது. பெடல்கள் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு காலால் யோசித்தாள். "டீச்சரம்மா கார், அது இறுக்கமா இருக்கும். தையல்காரர் கார். பேக்கரி வேன், அது மேல நின்னு பிடிக்கும். வெள்ள டாக்ஸி ரெண்டு..." விரல்விட்டு எண்ணினாள். வேனைத் தவிர்த்து எட்டு வண்டி.

டீ குடிக்கப் போன வேன்காரர் திரும்பி வந்தார். "ரப்பர் மாத்தியாச்சாண்ணே? அந்தக் கம்பெனிக்காரன சும்மா விடக் கூடாது."

அவள் அவசரமாக வீட்டுக்காரரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் அதைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி எழுந்தார்.

"ரப்பர் நல்ல ரப்பர்தான் தம்பி. நான் முறுக்கி வெச்சிருக்கேன். என் விரலுக்குத் தெரியல. பன்னெண்டு நாளு பிள்ளைங்கள அதுல உக்கார வெச்சிருக்கேன். நீ என்ன வேணும்னாலும் கேளு, கேட்டுக்கறேன்."

வேன்காரர் மேஜைக்கு வந்து, காலிப்பருக்குள் மடிந்து கிடந்த வளையத்தைக் குனிந்து பார்த்தார்.

அதன்பிறகு இடதுபக்கத்தையும் பிரித்தார்கள். அது சரியாகவே இருந்தது, இருந்தாலும் வளையத்தை மாற்றினார்கள். இரண்டு பக்கத்துக்கும் புதுப் பேடு போட்டார்கள். பிஸ்டனை அவள் நேராகப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்த, அது வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. காற்று எடுக்கிற நேரம் வந்ததும் பழக்க தோஷத்தில் இருவருமே தங்கள் இடத்துக்கு நடந்து, பாதியில் நின்று, ஒருவரையொருவர் தாண்டிக்கொண்டு இடம் மாறினார்கள். அவர் மேலே, அவள் கீழே.

"பிடிங்க... பிடிங்கன்னா பிடிக்கணும்! அதுக்குள்ள ஏன் விடறீங்க?"

"கால் வலிக்குதுடி."

"இருபத்தெட்டு வருஷம் எனக்கு வலிக்கலையா?"

வேன்காரருக்குச் சிரிப்பு வந்தது. அவரே தெருமுனைவரை நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். வண்டி நேராக நின்றது. இரண்டரைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனார்.

அவர் போனதும் மெக்கானிக் போனை எடுத்தார்.

"ரப்பர் கோளாறுன்னே சொல்லுங்க" என்றாள் அவள். "வண்டிங்க வந்தாப் போதும். நான் பார்த்துக்கறேன். உங்க பேர எதுக்குக் கெடுத்துக்கணும்?"

"ரப்பர் மேல பழி போட்டா ஆற அமர ஞாயித்துக்கெழம வருவாங்க. என் மேல போட்டாத்தான் இப்பவே வருவாங்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒவ்வொருவருக்கும் அவர் அதே வார்த்தைகளைச் சொன்னார். என் கையில கோளாறு. வேற எங்கயும் வண்டிய எடுக்காதீங்க. மெதுவா பட்டறைக்குக் கொண்டு வாங்க, இல்லன்னா நாங்க வரோம். டீச்சரம்மா பயந்துபோய் இரண்டு தடவை கேட்டார். தையல்காரர் கத்தினார், அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார். ஏழு பேர் வருகிறேன் என்றார்கள்.

எட்டாவது பேக்கரிக்காரர். அவர் சிரித்தார். போனிலிருந்து அந்தச் சிரிப்பு அவளுக்கே கேட்டது.

"என்னண்ணே விளையாடறீங்க? உங்க விரல் பட்ட வண்டி. சும்மா பறக்குது. சாயந்திர லோடு ஏத்திட்டு இருக்கேன், அப்புறம் பேசறேன்." போனை வைத்துவிட்டார். மெக்கானிக் மறுபடி அடித்தார், அவர் எடுக்கவில்லை.

பேக்கரி இரண்டு தெரு தள்ளித்தான். அங்கிருந்து லோடு போகிற வழியில் ஒரு நீண்ட இறக்கம், அதன் அடியில் பெரிய சாலை. அந்த இறக்கம் இருவருக்குமே ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. பட்டறையைப் பூட்டக்கூட இல்லை. அவள் முன்னால், அவர் பின்னால், ஐம்பதைத் தாண்டிய இருவரும் நடுத்தெருவில் மூச்சிரைக்க ஓடினார்கள். பார்த்தவர்கள் எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

ரொட்டித் தட்டுகளை அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டு, பேக்கரிக்காரர் எஞ்சினைக் கிளப்பியிருந்தார். மெக்கானிக் நேராகப் போய் வண்டிக்கு முன்னால் நின்றார்.

"அண்ணே, தள்ளுங்க, நேரமாச்சு." பேக்கரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "நல்லா இருக்கிற வண்டிய நல்லா இல்லைன்னா எப்படிண்ணே? இந்த ஊர்ல உங்க விரல நம்பாம வேற யார நம்பறது?"

"அந்த விரல நம்பாதேங்கறேன்பா."

"போங்கண்ணே!"

மெக்கானிக் ஜன்னலுக்கு வந்தார். வலது கையை உள்ளே நீட்டினார். "கிள்ளு."

"என்னது?"

"சுண்டுவிரல கிள்ளு. நகத்தால கிள்ளு. வலிச்சா ஒதுங்கிடறேன், நீ போயிட்டே இரு."

பேக்கரிக்காரர் வேடிக்கையாகத்தான் கிள்ளினார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் அழுத்தினார். பிறகு நகம் பதிய, பல்லைக் கடித்துக்கொண்டு கிள்ளினார். விரலில் ரத்தம் எட்டிப் பார்த்தது. மெக்கானிக் முகம் சுளிக்காமல், "ம், கிள்ளுப்பா" என்றார்.

பேக்கரிக்காரரின் சிரிப்பு போய்விட்டது. விரலை மெதுவாக விட்டார். எஞ்சினை அணைத்தார். சாவியை உருவி, கொஞ்ச நேரம் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பெடலக்காவின் கையில் வைத்தார்.